வாளியைத் தூக்கிப் பிடிக்கவும்

வானாசாரி, ஆகஸ்ட் 14

அன்புள்ள மகள் நெங் ரிஸ்மாவுக்கு,

அபா எழுதுகிறேன். நீ மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. காரணம் கேட்க எனக்குத் தைரியமும் இல்லை, அவசியமும் இல்லை. சுரபாயாவில் உன் ஆபீசில் எல்லோரும் அந்தச் சேவல் படத்தைப் பார்த்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். நீயும் உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் கவனித்துக்கொள்ளும் அந்த 'ஜாகா' வெள்ள எச்சரிக்கை சாஃப்ட்வேரைப் பெட்டியில் போட்டு நம் மசூதிக்குப் பின்னால் ஓடையில் மாட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஏறினால் சைரன் அலற வேண்டும். ஏறியது, அலறவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறீர்களே, அங்கே போய் எழுதினேன். "உங்கள் சாஃப்ட்வேர் செத்துவிட்டது. முப்பது வருஷமாகக் கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் சொல்கிறேன். உயிருள்ள ஸ்பீக்கர் எது, பிணம் எது என்று எனக்குத் தெரியும். இப்படிக்கு எங்கோஸ், ரிஸ்மாவின் அபா." கீழே கடை போன் நம்பரையும் போட்டேன். வியாபாரப் புத்தி.

பிலிப்பைன்ஸில் செபுவிலிருந்து ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள்: "ஐயா, ஸ்பீக்கர் வயர் செருகியிருக்கிறதா?"

செருகவில்லை. மாங் ஒதோய் வீட்டுச் சுன்னத்து விருந்துக்காக நானே பிடுங்கிக்கொண்டு போயிருந்தேன்.

அதற்குப் பிறகு சிரிக்கும் முகங்கள் வந்தன. இருபத்து மூன்று. எண்ணினேன். கடைசியில் எந்த நாட்டுக்காரரோ, மைக் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக் கூவும் சேவல் படம் ஒன்றைப் போட்டார். உன் அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இது நீங்கதானா?"

"ஆமா."

"வயித்தைச் சரியா வரையலையே."

அழித்துவிடலாம் என்று தேடினேன். அங்கே எழுதியது எதுவும் அழியாதாமே. பேரன் பேத்திகள் காலத்திலும் அந்தச் சேவல் கூவிக்கொண்டிருக்கும் போல. என்னால் உனக்கும் தலைகுனிவு. மன்னித்துவிடு. சாப்பிட்டாயா என்று ஒரு வரியாவது எழுது.

அபா


சுரபாயா, ஆகஸ்ட் 17

அபா,

கோபம் இல்லை. ஒரு நாள் இருந்தது, போய்விட்டது. சாப்பிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனிமேல் அங்கே நேராக எழுதாதீர்கள். என்ன தோன்றினாலும் எனக்கு எழுதுங்கள். நான் பார்த்து, சரிசெய்து போடுகிறேன். நீங்கள் என் அபா என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சம்பளம் இல்லாத வேலைதான், ஆனாலும் அங்கே எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

சேவலுக்குப் பரிகாரமாக ஒரு வேலை தருகிறேன். ஜாகாவை எப்படி மாட்டுவது என்று சொல்லும் வழிகாட்டிப் பக்கம் ஆங்கிலத்திலும் இந்தோனேசிய மொழியிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் எழுதியது. நம் பக்கத்து மலையூர்க்காரர்கள் இரண்டாம் வரியிலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் நம் சுண்டா மொழியில் எழுதுங்கள், நீங்கள் பேசுவது மாதிரியே. "வயர் செருகியிருக்கிறதா" என்பது முதல் வரியாக இருக்கட்டும்.

ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதினால், திருத்தினால், இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அப்புறம்தான் பக்கம் வெளியே போகும். இரண்டு பேர் பெயரும் தேதியோடு நிற்கும்.

ரிஸ்மா


வானாசாரி, செப்டம்பர் 2

அன்புள்ள நெங்,

பக்கத்தை அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு வரி. பதினைந்து நாள் ஆயிற்று. தொழிற்பள்ளியில் எனக்குக் கட்டுரை எழுத வராது என்பதால்தான் மின்சாரப் பிரிவில் போட்டார்கள். இன்று அதே ஆள் உலகத்துக்கே எழுதுகிறான் பார்.

உன் அம்மாவை வைத்துத்தான் சோதித்தேன். பெட்டியை அவள் கையில் கொடுத்து, நான் எழுதியதை மட்டும் படித்து மாட்டச் சொன்னேன். வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டேன். நான்காம் வரியில் மாட்டிக்கொண்டாள். "'பெட்டியைத் திருப்பி வைக்கவும்'னா எந்தப் பக்கமா? இது என்ன சட்டியில பொரியற மீனா?" என்றாள். மாற்றி எழுதினேன். இப்படியே ஒன்பது தடவை. உன் அம்மாவுக்குத்தான் ஒப்புதல் தரும் வேலையைக் கொடுக்க வேண்டும்.

கடைசி இரண்டு வரி அவளால் வந்தது. மாட்டி முடித்ததும் பெட்டி தானாக ஒரு நிலையில் நிற்கிறதல்லவா, மாட்டியதும் ஒரு தடவையும் தண்ணீர் ஏறும்போதும் விளக்கு மட்டும் மினுங்கும், சத்தம் வராது? வேலை நடக்கும்போது ஊர் பயந்து ஓடக்கூடாது என்பதற்காக வைத்திருக்கிறீர்கள். அதற்கு நான் 'ஒத்திகை' என்று பெயர் வைத்திருக்கிறேன். உன் அம்மா விளக்கைப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று எழுந்துவிட்டாள். "சத்தம் எங்கே?" என்றேன். சத்தியம் போயிற்று. அவள் திருப்பிக் கேட்டாள்: "கல்யாண வீட்டுல ஹலோ ஹலோன்னு சொல்லிப் பார்க்காம நீங்க மைக்கை விட்டுட்டு வருவீங்களா? இங்க மட்டும் ஏன் அதை எழுதலை?"

அதனால் எழுதினேன். பதினொன்று: "ஒத்திகையை அணைக்கவும்." பன்னிரண்டு: "ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, சென்சாருக்கு அடியில் தூக்கிப் பிடிக்கவும். ஆறு ஏறிவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். சத்தம் காதில் விழ வேண்டும். விளக்கு மட்டும் மினுங்கினால் வேலை முடியவில்லை, வீட்டுக்குப் போகாதே."

"போகாதே" என்பது மரியாதைக் குறைவாக இருந்தால் "போகாதீர்கள்" என்று மாற்றிக்கொள்.

அபா


சுரபாயா, செப்டம்பர் 5

அபா,

அருமையாக வந்திருக்கிறது. இதைவிடத் தெளிவான பக்கம் எங்கள் எந்த மொழியிலும் இல்லை. உண்மையாகவே சொல்கிறேன்.

சில இடங்களில் சுருக்கினேன். கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் வரப்போகும் நாலாவது வெர்ஷனில் ஒத்திகை ஒரு நாள் கழித்துத் தானாகவே அணைந்துவிடும். ஸ்பீக்கரையும் அதுவே சோதித்துக்கொள்ளும். பக்கம் புதியதற்குப் பொருந்தி இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த மாதம் மறுபடி திருத்த வேண்டும். வாளி விஷயமும் கொஞ்சம்... மின்பெட்டி பக்கத்தில் தண்ணீர் என்றால் மற்ற இரண்டு பேரும் புருவத்தைத் தூக்குவார்கள். ஏற்கெனவே சேவல் ஒன்று இருக்கிறது.

இப்போது பத்து வரி. "முதலில் விளக்கு மினுங்கும், பிறகு சத்தம் வரும்" என்று முடிகிறது. திருத்தியது நான் என்பதால் ஒப்புதல் நீங்கள் தர வேண்டும். படித்துப் பார்த்துச் சரி என்றால் கட்டைவிரல் படத்தை அழுத்துங்கள்.

ரிஸ்மா


வானாசாரி, செப்டம்பர் 6

அன்புள்ள நெங்,

கட்டைவிரலை அழுத்திவிட்டேன். கல்யாணப் பதிவுக்குப் பிறகு நான் உறுதி சொல்லி விரல் வைத்தது இதுதான்.

நீ படித்தவள், உனக்குத் தெரியும். வரி குறைந்தால் நல்லதுதானே. உன் அம்மாவுக்கு அவள் வாளி போனதில் கொஞ்சம் வருத்தம். கத்தரிக்காய் பொரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டேன்.

என் பெயரைப் பக்கத்துக்கு அடியில் பார்த்தேன். மாங் ஒதோயிடம் காட்டினேன். "சேவல் எழுத்தாளராயிடுச்சே" என்றான்.

அபா


சுரபாயா, ஜனவரி 20

அபா,

சிபுலான் ஊர் வெள்ளச் செய்தி பார்த்தீர்களா? பதினெட்டாம் தேதி சாயங்காலம். ஊரில் மழையே இல்லையாம், மேலே மலையில் பெய்து ஒரே மூச்சில் இறங்கியிருக்கிறது. நான்கு பேர்.

அவர்கள் அக்டோபரில் ஜாகாவை மாட்டியிருக்கிறார்கள். சுண்டாப் பக்கத்தைப் பார்த்து மாட்டியது. சைரன் அடிக்கவில்லை.

நாலாவது வெர்ஷன் இன்னும் வரவில்லை, அபா. எங்களில் ஒருவருக்கு ஆபீஸ் வேலை மாறி, இதற்கு நேரமில்லாமல் போயிற்று. அக்டோபர் என்றது டிசம்பர் ஆனது, பிறகு மார்ச் ஆனது. பக்கம் மட்டும் செப்டம்பரிலேயே வெளியே போய்விட்டது. வராத சாஃப்ட்வேருக்கு எழுதிய பக்கத்தை வைத்து அவர்கள் பழையதை மாட்டியிருக்கிறார்கள். மூன்று மாதமாக அது ஒத்திகையிலேயே நின்றிருக்கிறது.

நேற்றுக் காலை அந்த இரண்டு வரிகளையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். சுண்டாப் பக்கத்தை வைத்து மாட்டிய ஊர்கள் இன்னும் ஒன்பது இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போனில் கூப்பிடுகிறேன்.

யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். தயவுசெய்து.

ரிஸ்மா


வானாசாரி, ஜனவரி 23

நெங்,

சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லை. ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. நானாகப் போகவில்லை, கூப்பிட்டார்கள். இறந்தவர்களுக்கு ஏழு நாள் ஓதுகிறார்கள், மைக் செட் வேண்டும் என்று. இந்த வட்டாரத்தில் மைக் செட் என்றால் நான்தானே. வண்டியில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு போனேன். முப்பது வருஷத்தில் அந்த ஸ்பீக்கர் இவ்வளவு கனத்ததில்லை.

நான்கு வீடு. மூன்று வீட்டில் கூட்டம் வாசல் வரை. நான்காவது வீட்டில் ஆறு பேர். அதில் நான் ஒருவன். அது இபு இமாஸ் வீடு. மதரசாவில் ஓதிக்கொடுக்கிறவள், நாற்பது வயதிருக்கும். பெட்டியை மாட்டியது அவள். போனது அவள் புருஷன் யாயாத், ஆற்றோரம் கல் ஏற்றிக்கொண்டிருந்தவன்.

ஊர் ஏன் அங்கே வரவில்லை என்று வயரைச் சுருட்டும்போது ஊர்த்தலைவர் சர்டி எனக்குச் சொன்னார். போனை எடுத்துக் காட்டினார். நம் பக்கம், நெங். பன்னிரண்டு வரி.

"பாருங்க அபா, தெளிவா எழுதியிருக்கான். ஒத்திகையை அணைக்கவும், வாளியைத் தூக்கிப் பிடிக்கவும். சின்னப் பிள்ளைக்கும் புரியும். இவங்க பத்தோட நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. பெட்டி வந்திருச்சுன்னு நாங்க ஆத்துக்குக் காவல் போறதையும் நிறுத்திட்டோம்."

எழுதியவன் பெயர் அடியில் இருந்தது. அவர் அதுவரைக்கும் திரையை விரலால் தள்ளவில்லை.

இபு இமாஸ் எனக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். பக்கத்தை அச்சடித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். பத்து வரி, பத்து டிக். பத்தாவதை இரண்டு தடவை அழுத்திப் போட்டிருக்கிறாள்.

"நீங்க இந்த வேலை தெரிஞ்சவர். அச்சடிக்கும்போது அடியில விட்டுப் போயிருக்குமா?"

"தெரியலைம்மா."

"தாள்ல இன்னும் இடம் இருக்கே. இடம் இருக்கும்போது எப்படி விடும்?"

நான் தேநீரைக் குடித்தேன்.

அவள் அன்றைக்கு விளக்கைப் பார்த்திருக்கிறாள், நெங். வகுப்பு ஜன்னலிலிருந்து. கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுங்கியது. "முதல்ல விளக்கு, பிறகு சத்தம்னுதானே போட்டிருக்கு? சத்தம் வரட்டும், வந்ததும் ஓடலாம்னு இருந்தேன். பிள்ளைங்க பாதிப் பாடம் ஓதி முடிச்சிட்டாங்க" என்றாள்.

பத்தாவது வரி. என் வாக்கியம்.

நீ பத்தொன்பதாம் தேதி சேர்த்த இரண்டு வரியும் அவள் தலையில் விழுந்திருக்கிறது. ஏதாவது செய்.

அபா


சுரபாயா, ஜனவரி 26

அபா,

சேர்க்காமல் விட்டிருக்க வேண்டுமா? ஒன்பது ஊரில் ஆறு ஊர்ப் பெட்டி ஒத்திகையிலேயே இருந்தது. ஆறு. நான் அந்த வரிகளைச் சேர்த்ததால், போன் செய்ததால் இப்போது அவை அலறும். அதைச் செய்தது தப்பு என்று நீங்கள் எழுதியதைத்தான் நான் நான்கு தடவை படித்தேன்.

மற்ற இரண்டு பேரிடமும் பேசினேன். முழு அறிக்கை தயாராகும் வரை யாரும் வெளியே பேச வேண்டாம் என்கிறார்கள். இலவசமாகத் தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. சட்டப்படி யாரும் நம்மைக் கேட்க முடியாது. இதை எழுத எனக்கே கூசுகிறது. ஆனால் எழுதியிருக்கிறது.

சேர்த்தபோது குறிப்பில் "சிறு திருத்தம்" என்று போட்டேன். பழக்கம். எழுத்துப் பிழைக்கும் அதைத்தான் போடுவோம்.

நீங்கள் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தனியாகச் சொல்லுங்கள், பக்கம்தான் குறை என்று. அவளுக்கு மனசு ஆறும். ஊருக்குச் சொல்வதை அறிக்கை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ரிஸ்மா


வானாசாரி, ஜனவரி 29

நெங்,

தனியாகச் சொன்னேன். பக்கம் நான் எழுதியது, அந்த இரண்டு வரி அப்போது அதில் இல்லை, வெள்ளத்துக்கு மறுநாள்தான் சேர்ந்தது என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எங்கிட்ட சொல்லி என்ன பண்றது, அபா? எனக்குத்தான் என் டிக் தெரியுமே. ஊர்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

போனேன். ஊர்த்தலைவரிடம் சொன்னேன். அவர் போனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டினார். "இல்லேங்கறீங்க, இதோ இருக்கே. இரக்கப்பட்டு ஒரு பொம்பளைக்காகப் பொய் சொல்றீங்க. நல்ல மனசு, ஆனா வேண்டாம்." என்னால் ஒன்றும் காட்ட முடியவில்லை. என் பெயர் அடியில் இருப்பதைக் காட்டினேன். "அப்போ நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். நெங், அவமானத்தில் பல ரகம் பார்த்தவன் நான். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டு வாங்கி அவமானப்பட்டது அன்றைக்குத்தான்.

யாயாத்தின் அண்ணன் தம்பிகள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரி ஆறாம் தேதி மதரசாவில் கூடுகிறார்கள். பிள்ளைகளை இனி அவளிடம் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய. இறந்த மற்ற மூன்று பேரின் வீட்டுக்காரர்களும் வருவார்கள். அவளுடைய தாளை யாரும் நம்பவில்லை. அடியை மடித்து மறைத்து அச்சடித்திருப்பாள் என்கிறார்கள்.

எழுதியது எதுவும் அழியாது என்று சொன்னீர்களே. என் சேவல் இன்றைக்கும் அங்கே கூவிக்கொண்டிருக்கிறது, நேற்றும் போய்ப் பார்த்தேன். அப்படியானால் அந்தப் பக்கத்தின் கதையும் அழியாமல்தானே இருக்கும்? எந்தத் தேதியில் யார் எதை எடுத்தார், யார் ஒப்புதல் தந்தார், எப்போது திரும்பச் சேர்த்தார்? எனக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. மூன்று நாள் தடவிப் பார்த்தேன்.

அதில் உன் பெயர் இருக்கும். தெரிந்துதான் கேட்கிறேன். நீ அனுப்பவில்லை என்றாலும் நான் உன் அபாதான். ஆனால் ஆறாம் தேதி அந்த மதரசாவில் வெறுங்கையோடு போய் உட்கார்ந்திருப்பேன்.

அபா


சுரபாயா, பிப்ரவரி 3

அபா,

இணைத்திருக்கிறேன். ஒரே தாளில் வரும், பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 2, எங்கோஸ் எழுதியது, பன்னிரண்டு வரி.
செப்டம்பர் 5, பதினொன்றும் பன்னிரண்டும் நீக்கம், நீக்கியவர் ரிஸ்மா. செப்டம்பர் 6, ஒப்புதல் எங்கோஸ்.
ஜனவரி 19, பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ப்பு, சேர்த்தவர் ரிஸ்மா. குறிப்பு: சிறு திருத்தம்.

இதையே இன்று காலை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டுவிட்டேன். ஏன் நீக்கினேன், என்ன நினைத்தேன், யார் செத்தார்கள், எல்லாம். அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. மற்ற இருவரும் என்னோடு பேசவில்லை. பராமரிப்புப் பொறுப்பை விட்டுவிட்டேன். விடச் சொல்வதற்கு முன்னால் விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். செபுக்காரப் பெண் மட்டும் எழுதினாள். தன் மொழிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாளாம், ஒத்திகையை அணைக்கும் வரி அதிலும் இல்லையாம். நான் எடுத்ததைப் பார்த்து அவளும் எடுத்திருக்கிறாள்.

ஒரு வேண்டுகோள். அங்கே போய், எல்லாம் என் தப்பு, மகளுக்குத் தெரியாது என்று நாடகம் போடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். தாளில் இருப்பதை இருக்கிறபடி படியுங்கள். நீங்கள் எழுதினீர்கள். நான் வெட்டினேன். அதனால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். மகள் சொன்னாள், நீங்கள் விரலை வைத்தீர்கள். அந்த நான்கு பேரும் என்னுடையவர்கள், அபா. நான் தனியாகத்தான் சுமக்க வேண்டும். அதில் பங்கு கேட்காதீர்கள்.

கொஞ்ச நாளைக்குப் போன் செய்ய வேண்டாம்.

ரிஸ்மா


வானாசாரி, பிப்ரவரி 7

அன்புள்ள நெங்,

போன் செய்யவில்லை. எழுதுவதற்குத் தடை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று மதரசாவில் நாற்பது பேர் இருப்பார்கள். மைக் செட்டை எடுத்துப் போகவில்லை. முதன்முதலாக ஒரு கூட்டத்தில் என் சொந்தக் குரலில் பேசினேன். நான்காவது வரிசைக்கு மேல் கேட்டிருக்காது. அதனால் ஊர்த்தலைவர் தாளை வாங்கி மறுபடி படித்தார். தேதி தேதியாக. அவர் குரல் "சிறு திருத்தம்" என்ற இடத்தில் நின்றது. அதை இரண்டு தடவை படித்தார்.

யாயாத்தின் அண்ணன் எழுந்து வந்து, அவள் தாளையும் உன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பத்து டிக்கையும் விரலால் தொட்டு எண்ணினான். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான்.

இபு இமாஸ் ஒன்றுதான் சொன்னாள். "அப்போ நான் எந்த வரியையும் விடலை." கேள்வியாகச் சொல்லவில்லை.

பிள்ளைகளை அனுப்புவது என்று முடிவாயிற்று. இதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு ஆற்றில் துணி துவைக்கப் போய்த் திரும்பாத பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து, "உங்க மக எடுத்தது ரெண்டு வரிதானே" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அளவு கேட்பது போலக் கேட்டாள்.

நாடகம் போடாதே என்று எழுதியிருந்தாய். போடவில்லை. தாளில் இருந்தபடியே விட்டேன். ஆனால் கடைசியில் இபு இமாஸ் என் பக்கம் திரும்பினாள்.

"ஒப்புதல்னு உங்க பேர் போட்டிருக்கே, அபா. அந்த ரெண்டு வரி போனது உங்களுக்குத் தெரியுமா?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கவனிக்கலைம்மா" என்றேன். "படிக்காமலே விரலை வெச்சுட்டேன். நான் அவ்வளவு படிச்சவன் இல்லை." யாரோ ஒருவர் பாவம் என்று முனகினார். அவள் தலையை ஆட்டினாள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னாள். குடித்தேன்.

அது பொய், நெங்.

நீ அனுப்பிய பக்கத்தை அன்றைக்கு மூன்று தடவை படித்தேன். பத்தோடு நிற்பதைப் பார்த்தேன். நாலாவது வெர்ஷன் இன்னும் வரவில்லையே, அதுவரை என்ன செய்வார்கள் என்று உன் அம்மாவும் கேட்டாள். நியாயமான கேள்வி. உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் ஒரு வரியை அடித்து முடித்தேன். அனுப்பப் போகும்போது அந்தச் சேவல் ஞாபகம் வந்தது. இருபத்து மூன்று முகங்கள் ஞாபகம் வந்தன. என் மகளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது, மறுபடி அவளைத் தலைகுனிய வைக்கவா என்று நினைத்தேன். அடித்ததை எழுத்தெழுத்தாக அழித்தேன். பிறகுதான் கட்டைவிரலை வைத்தேன்.

அனுப்பாத வரிக்கு உங்கள் பதிவில் இடம் இல்லை. அதனால் அது யாருக்கும் தெரியாது. நாற்பது பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை, இனியும் வராது. நீ தனியாகச் சுமப்பதாக எழுதியிருக்கிறாயே, அதற்காக உனக்கு மட்டும் எழுதுகிறேன். அழித்த வரி இதுதான்:

வாளி இருக்கட்டும், நெங். புதுசு வந்தப்புறம் எடுத்துக்கலாம்.